பேரோடு போன வயல்கள்

"மாமாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"எதைச் சொல்லணும்?"

"அழிக்கிற உரிமை அவருக்கு வேண்டாம்னு."

வளவன் கையிலிருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அவரு ஆரம்பிச்ச தொழில். அவரு வாங்குன மெஷினு. நீங்க பாக்கலாம், ஆனா தொடக் கூடாதுன்னு அவருகிட்டயே போயிச் சொல்லப் போறியா?"

"அதுக்குத்தான் உங்களைச் சொல்லச் சொல்றேன். நான் சொன்னா, வந்த மருமக அதிகாரம் பண்றான்னு ஆயிடும்."

"மகன் சொன்னா அதைவிட மோசம் மலரு. சொத்தை எழுதிக் கேக்குற மாதிரி இருக்கும். விடு. அவரு அந்த லேப்டாப்பைத் தொட்டாத்தானே."

"தொட்டா?"

"தொட்டா அப்பப் பாத்துக்கலாம்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆனி மாதச் சாயங்காலத்தில் நடந்த பேச்சு அது. அன்றைக்கு அவனோடு சேர்ந்து மலர்க்கொடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைத்தால் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வலங்கைமானில் கும்பகோணம் சாலையை ஒட்டி இருக்கிறது மருதையனின் அறுவடை மெஷின் ஆபீஸ். சேற்று வயலில் இறங்கும் பெல்ட் மெஷின் மூன்று, காய்ந்த வயலுக்கு டயர் மெஷின் ஒன்று. மற்ற மெஷின்காரர்களிடம் விவசாயிதான் போய் நின்று நாள் கேட்க வேண்டும். மருதையன் அதை மாற்றி வைத்திருந்தார். விதை விட்ட தேதியையும் நெல் ரகத்தையும் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். கதிர் முற்றுகிற வாரத்தில் இவர்கள் ஆபீஸே கூப்பிட்டு, "இந்தத் தேதிக்கு மெஷின் வருதுங்க" என்று சொல்லும். "என்னைத் தேடி எவனும் வந்து நிக்கக் கூடாது" என்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. இருபது வயது வரைக்கும் அவர் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் லீவுக்கும், வீட்டுக்குக் கீற்று மாற்றுவதற்கும், கல்யாணத் தேதி வைப்பதற்கும்கூடக் களத்து ஓரத்தில் நின்று உத்தரவு கேட்டவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். ஆனால் ஆபீஸில் யாராவது வாசலிலேயே தயங்கி நின்றால் அவருக்குக் கோபம் வரும். "உள்ள வந்து உக்காந்து பேசுங்க" என்று நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார்.

அறுநூறு பேருடைய வயல்கள் நோட்டில் அடங்காமல் போனபோது சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று சொன்னது மலர்க்கொடிதான். தஞ்சாவூரிலிருந்து சித்தீக் வந்து போட்டுக் கொடுத்தான். யார் யாருக்கு என்ன உரிமை என்று மலர்க்கொடியிடம் ஒவ்வொருவராகக் கேட்டான். டிரைவர்களுக்குப் பார்க்கிற உரிமை மட்டும். போன் பேசுகிற செம்மொழிக்குப் பார்க்கவும் திருத்தவும் உரிமை. மலர்க்கொடிக்கு அதற்கு ஒரு படி மேலே.

"இதுக்கெல்லாம் மேல யாரு தம்பி?" என்று கேட்டார் மருதையன்.

"ஓனர்னு ஒண்ணு இருக்குங்க ஐயா. அவரு எதை வேணாலும் சேக்கலாம், அழிக்கலாம். யாருகிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல."

மருதையன் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப அதை என் பேருல போடு."

சித்தீக் கிளம்பும்போது மலர்க்கொடியிடம் தனியாகச் சொன்னான். "அக்கா, ஓனரா நீங்களே இருந்திருக்கலாம். பெரியவங்க விரல் எங்க படும்னு சொல்ல முடியாது. ஒருத்தரை ஓனராப் போட்டுட்டா அப்புறம் அவரே இறங்குனாத்தான் உண்டு. நீங்க நெனச்சாலும் மாத்த முடியாது."

அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவளுக்கு எப்படி வாய் வரும்? கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருஷத்தில் மாமனார் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

சாஃப்ட்வேர் நன்றாகத்தான் ஓடியது. ஒவ்வொருவர் பேருக்கும் கீழே அவருடைய வயல்கள், விதை விட்ட தேதி, வாய்க்கால் எந்தப் பக்கம், மெஷின் எந்த வழியாக இறங்க வேண்டும் என்று எல்லாம் இருந்தன. செம்மொழி சேர்த்து வைத்த குறிப்புகள் தனி. 'இவருக்குக் காது மந்தம், இரண்டு தடவை சொல்லணும்.' 'நாய் கட்டிப் போடச் சொல்லவும்.' 'டீ வேண்டாம்னா கோச்சுக்குவாங்க, குடிச்சிடவும்.' அதைப் படித்துவிட்டு டிரைவர் முருகையன், "இனிமே எங்க போனாலும் டீ எனக்கு வேலைல சேத்தி" என்று அறிவித்தார்.

நடுநடுவே விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி போகிற ஏற்பாட்டையும் மலர்க்கொடி செய்திருந்தாள். 'வணக்கம். உங்கள் பயிருக்கு இன்று நூறாம் நாள். நலமா?' அந்த 'நலமா'வை ஆசையாகச் சேர்த்ததும் அவள்தான்.

கார்த்திகையில் வைரக்கண்ணு இறந்துபோனார். மருதையனோடு ஒரே பண்ணையில் வேலை பார்த்தவர், அண்ணன் தம்பி மாதிரி. பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் போயிருந்தார்கள். பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது இறந்தவரின் போன் ஒலித்தது. அதை வைத்திருந்த சின்ன மகன் எடுத்துப் பார்த்துவிட்டு மருதையனிடம் நீட்டினான்.

"பெரியப்பா, எங்கப்பா நலமான்னு உங்க ஆபீஸ்ல கேக்குறாங்க. என்னன்னு பதில் போட?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மருதையனால் அந்த இலையில் மேற்கொண்டு ஒரு கவளம்கூட எடுக்க முடியவில்லை. பெண்கள் பந்தியிலிருந்து மலர்க்கொடி அதைப் பார்த்தாள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக எல்லாச் செய்திகளிலிருந்தும் 'நலமா'வை எடுத்தாள். சரி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

தை பிறந்தது. பட்டியல் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. "புது மெஷின்காரங்க நாலு பேரு வந்திருக்காங்கல்ல, பிரிஞ்சு போயிருப்பாங்க" என்றான் வளவன். அறுவடை வேகத்தில் அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

தை இருபத்து நாலில் எதிர்பாராத மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. அறுக்காமல் நின்ற வயலெல்லாம் படுத்துவிட்டது. மழை விட்ட மறுநாள் காலையில் வைரக்கண்ணுவின் மனைவி அம்சம் ஆபீஸுக்கு வந்தார். வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு கொத்துக் கதிரை எடுத்து மேஜை மேல் வைத்தார். நெல்மணிகளில் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"நீங்க கூப்புடுவீங்கன்னு இருந்துட்டேண்ணே."

மருதையனுக்குப் புரியவில்லை. "உன் வயல் இன்னும் அறுக்கலையா அம்சம்?"

"பக்கத்து வயல்ல நம்ம மெஷினுதானே அறுத்துச்சு. நான்தானே முருகையனுக்கு மோர் கொண்டுபோய்க் குடுத்தேன். நம்ம வயலுக்கு எப்ப தம்பின்னேன். ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டாரு, லிஸ்ட்ல இல்லங்கன்னுட்டாரு. சரி, வரிசை வரல போலன்னு நெனச்சேன். அவரு இருந்தப்ப சொல்லுவாரு, மருதையன் ஆபீஸுல போயி நிக்கக் கூடாது, அவங்களே கூப்புடுவாங்க, போயி நின்னா அவனுக்குப் புடிக்காதுன்னு."

பெரிய மகன் குவைத்தில், சின்னவன் திருப்பூரில். புருஷன் போன பிறகு அம்சம் தனியாக நின்று பார்த்த முதல் வெள்ளாமை அது. முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மலர்க்கொடி லேப்டாப்பில் தேடினாள். வைரக்கண்ணு என்ற பேரே இல்லை. அவர் பேருக்குக் கீழே இருந்த ஐந்து வயல்களும் இல்லை. பட்டா இன்னும் பாட்டன் பேரில் கிடப்பதால் மகன்களுடைய வயல்களும் வைரக்கண்ணு பேரிலேயேதான் பதிவாகியிருந்தன. எல்லாம் சேர்ந்து போயிருந்தது.

"லிஸ்ட்ல இல்லன்னு யாரு சொன்னது?" என்றார் மருதையன்.

செம்மொழி எழுந்து நின்றாள். "நான்தான் மாமா. முருகையண்ணன் கேட்டாங்க. பாத்தேன், இல்ல. வேற மெஷின் பேசிட்டாங்கன்னு நெனச்சேன்."

மருதையன் சத்தம் போடவில்லை. பெல்ட் மெஷினை எடுத்துக்கொண்டு அவரே அம்சத்தோடு போய், படுத்த பயிரில் அறுக்க முடிந்ததை அறுத்துக் கொடுத்தார். வாடகை வாங்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, சேற்றுக் காலோடு நின்றபடியே செம்மொழியிடம், "எதையோ அமுக்கித் தொலைச்சிருக்க. உன்னை நம்பித்தானேம்மா போனைக் குடுத்தேன். நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

அந்தப் பெண் மலர்க்கொடியைப் பார்த்தாள். மலர்க்கொடிக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு ஒரு மணி நேரம்தான் ஆயுசு. செம்மொழி போன பிறகு அவள் சித்தீக்குக்குப் போன் செய்தாள். யார் எதை அழித்தார்கள் என்று காட்டுவதற்குத் தனியாக ஒரு பக்கம் இருப்பதாகச் சொல்லி, அதைத் திறக்கும் வழியைச் சொன்னான்.

திறந்தாள். இருபத்து மூன்று பேர். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பேர். ஓனர், மருதையன்.

வைரக்கண்ணுவை அழித்த தேதி அவருடைய பதினாறாம் நாள். மற்ற பேர்களைப் படிக்கப் படிக்க அவளுக்கு விளங்கிவிட்டது. அத்தனை பேரும் இறந்துபோனவர்கள். செத்தவர் வீட்டுக்கு இனி ஒரு வணக்கம்கூடப் போய்விடக் கூடாதென்று, மாமனார் பழைய ஆட்களையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்து, ஒவ்வொருவராக எடுத்திருக்கிறார். அழிக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். இவரோடு சேர்ந்த எல்லாவற்றையும் நீக்கலாமா என்று கேட்கும். அவருக்கு அது புரிந்திருக்காது. சிவப்புப் பட்டனை அழுத்தியிருப்பார்.

அழித்தது முப்பது நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும் என்றான் சித்தீக். ஒன்பது பேரை மீட்டாள். வைரக்கண்ணுவுக்கு அறுபது நாள் ஆகியிருந்தது.

"சொல்லிடணும்ங்க" என்றாள் வளவனிடம்.

"சொன்னா அம்சம் சித்தி நெல்லு முளைச்சது தன்னாலதான்னு ஆயிடும் அவருக்கு. தாங்குவாரா? ஒண்ணு பண்ணு. அவரு குளிக்கப் போறப்ப போனை எடு. ஓடிபி வரும். உன் பேருக்கு மாத்திடு. அவருக்குத் தெரியவே தெரியாது."

"திருடச் சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அவருகிட்டேருந்து அதை எடுக்கிறதே பாவம். அதுல கேக்காம வேற எடுக்கணுமா?"

"அப்ப கேளு."

"நீங்க கேளுங்க."

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே பேச்சு. இந்தத் தடவை இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து இருவரும் பைக்கில் ஊர் ஊராகப் போனார்கள். மீட்க முடியாத பதினான்கு குடும்பங்களில் அம்சத்தைத் தவிர மற்றவர்கள் மழைக்கு முன்பே வேறு மெஷினைப் பிடித்து அறுத்திருந்தார்கள். வயல்களைக் கேட்டுக் கேட்டு மறுபடி ஏற்றினாள். "போன வருஷம்தானேம்மா எல்லாம் எழுதிக்கிட்டுப் போனீங்க" என்றார்கள். அவள் மழுப்பினாள். பைக்கில் திரும்பும்போது வளவனின் தோளில் வழக்கம்போல் கை வைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒருநாள் வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் செம்மொழியைப் பார்த்தாள். தலை குனிந்து நடந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"அக்கா, கும்பகோணத்துல ஒரு ஜவுளிக் கடையில கேட்டிருக்கேன். பழைய வேலையிலேருந்து ஏன் நின்னேன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

"செம்மொழி..."

"நான் அழிக்கலக்கா. எனக்கு அந்தப் பட்டனே வராதே. எங்கிட்ட அந்த உரிமை இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல. நீங்கதானே குடுக்காம வெச்சீங்க."

"தெரியும்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

பஸ் வந்துவிட்டது. செம்மொழி பதிலுக்கு நிற்காமல் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. செம்மொழியை நம்பாமலோ மாமனாரை நம்பியோ மலர்க்கொடி அப்படிச் செய்யவில்லை. சின்னப் பெண்ணிடம் 'உனக்கு இது கிடையாது' என்று சொல்வது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

மாசி நடுவில் ஒரு காலை. மருதையன் டீக்கடையிலிருந்து வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் நேராக மேஜைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். மலர்க்கொடி எதிர் மேஜையில் டிரைவர்களுக்கான அன்றைய பட்டியலை எழுதிக்கொண்டிருந்தாள்.

"அல்லா பிச்சை பாய் போயிட்டாரும்மா. நேத்து சாயங்காலம். போஸ்டர் ஒட்டியிருக்கான்" என்றார். ஒற்றை விரலால் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "நல்ல மனுசன். அந்த வீட்டுக்கு நம்ம மெசேஜ் போயி நிக்கக் கூடாது. அன்னிக்கு வைரக்கண்ணு பந்தல்ல பட்டது போதும்."

அல்லா பிச்சை பேரில் ஏழு வயல்கள் இருந்தன. எல்லாம் தாளடி, குறுவை அறுத்த பிறகு போட்ட இரண்டாம் போகம். பத்து நாளில் அறுக்க வேண்டியவை. அவருடைய தம்பி வயலும் தங்கை வயலும் அதில் சேர்த்தி.

அவர் விரல் நகர்வதை அவள் பார்த்தாள். எழுந்தது தெரியாமல் எழுந்து, அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, ஒரு நிமிஷம். அதை அமுக்காதீங்க."

"ஏம்மா?"

"அதை அமுக்குனா வயலும் போயிடும் மாமா."

அவர் சிரித்தார். "பேரைத்தானேம்மா எடுக்குறேன். வயலை நான் எங்க எடுத்தேன்?"

"பேரோடதான் மாமா வயலு இருக்கு. பேரு போனா அதுக்குக் கீழ இருக்கிற எல்லாமே போயிடும்."

அவருடைய விரல் அப்படியே நின்றது. வாசலில் ஒரு டிராக்டர் சத்தமாகக் கடந்து போனது.

"வைரக்கண்ணு?"

அவள் தலையசைத்தாள்.

"அப்ப அம்சம் வயலு..." என்று ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கழற்றும்போது காதில் மாட்டி இழுபட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. "இன்னும் எத்தனை பேரு?"

"இருபத்து மூணு. ஒன்பதைத் திரும்பக் கொண்டுவந்துட்டேன். மத்தவங்க வீட்டுக்கெல்லாம் போயி மறுபடி எழுதிட்டோம்."

"அந்தப் பொண்ணு?"

"செம்மொழிக்கு அந்தப் பட்டனே கிடையாது மாமா. நான் குடுக்கல. அவ நெனச்சாலும் அழிக்க முடியாது."

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அவளை நீங்க அனுப்புன அன்னிக்கு சாயங்காலத்துலேருந்து. பத்தொம்பது நாளாச்சு."

"பத்தொம்பது நாளு" என்றார் மருதையன். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் அந்தப் பொண்ணை அனுப்பிட்டு தினம் இங்கதான் உக்காந்திருந்தேன். நீயும் எதிர்க்க உக்காந்திருந்த. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்ல முடியலையா?"

"முடியல மாமா."

"நான் என்ன, அடிச்சுடுவேனா?"

"சித்தீக் தம்பி வந்தன்னிக்கு நீங்க சிரிச்சீங்க மாமா. யாருகிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லன்னு அவன் சொன்னப்ப. அதைப் பாத்துட்டு என்னால முடியல. அப்பவே கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அம்சம் அத்தை கதிரைக் கொண்டுவந்து இந்த மேஜையில வெச்சிருக்க மாட்டாங்க. செம்மொழி எங்கிட்ட அப்படிக் கேட்டிருக்க மாட்டா."

திரையில் அல்லா பிச்சையின் பேரும், அதன் கீழே ஏழு வயல்களும், பக்கத்தில் சிவப்புப் பட்டனும் அப்படியே இருந்தன. மருதையன் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். களத்து ஓரத்தில் நிற்கிறவரைப் போல முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. மலர்க்கொடிக்கு அதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் பயமாக இருந்தது. இப்போது பார்த்துவிட்டாள். நின்றுகொண்டு பேசக் கூடாதென்று நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்குப் பக்கத்தில் சமமாக உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட என்னம்மா கேக்கணும்னு இருந்த?" என்றார் அவர். "இப்பக் கேளு."

அவள் லேப்டாப்பை இருவருக்கும் நடுவில் திருப்பி வைத்தாள்.

"அந்த அழிக்கிற உரிமையை எங்கிட்டக் குடுத்துடுங்க மாமா."